முழங்கால் வலி என்று வந்தார், கோளாறு இடுப்பில்: பத்து நிமிடத்தில் எப்படிப் பார்க்கிறீர்கள்?

ஓபி டாக்டர் (கேள்வி)

கிளினிக்கில் உட்கார ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. காய்ச்சல், சர்க்கரை, பிரஷர் எல்லாம் கை பழகிவிட்டது. முதுகு, மூட்டு, தோள் என்று யாராவது வந்தால்தான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. படிக்கும்போது எலும்பு முறிவும் அறுவை சிகிச்சையும் நிறையப் பார்த்தோம். சாதாரணமாக நடந்து வந்து "வலிக்குது டாக்டர்" என்பவரை எப்படிச் சோதிப்பது என்று யாரும் உட்கார்ந்து காட்டித் தரவில்லை.

போன மாதம் நடந்தது இது. அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, வலது முழங்கால் வலி. எக்ஸ்ரேயில் லேசான தேய்மானம். வலி மாத்திரை, களிம்பு, தொடைத் தசைக்குப் பயிற்சி. மூன்று முறை வந்தார், மூன்று முறையும் முழங்காலையே அமுக்கிப் பார்த்தேன். நான் விடுப்பில் இருந்த அன்று பார்த்த சக மருத்துவர், அவரைப் படுக்க வைத்து, காலை மடக்கி, தொடையை உட்பக்கமாகச் சுழற்றியிருக்கிறார். அம்மா அலறிவிட்டாராம். பழுது இடுப்பு மூட்டில், வலி மட்டும் முழங்காலில். புத்தகத்தில் நானே அடிக்கோடிட்டு வைத்திருந்த வரி!

கணுக்கால் சுளுக்குக்கு ஒட்டாவா விதி கைகொடுக்கிறது. கணுவெலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ அமுக்கினால் வலிக்கிறதா, நான்கு அடி நடக்க முடிகிறதா என்று பார்த்து எக்ஸ்ரேயை முடிவு செய்கிறேன். மற்ற இடங்களுக்கு நீங்கள் எதை முதலில் பார்க்கிறீர்கள்? "ஸ்கேன் எழுதிக் கொடுங்க" என்பவரிடம் என்ன சொல்கிறீர்கள்?

பழைய ஸ்டெத்

அந்த முழங்காலில் ஏமாறாதவர் நம்மில் குறைவு, டாக்டர். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை முழங்கால் வலி என்று நொண்டிக்கொண்டு வந்தாலும் இடுப்பு மூட்டைச் சுழற்றிப் பாருங்கள். தொடை எலும்பின் தலை நழுவியிருந்தால் அதைத் தவறவிடுவது பெரிய தவறு.

நான் முதலில் சொல்வது "ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்க" என்பதுதான். நம் பேச்சில் முதுகின் அடிப்பகுதியும் இடுப்புதான், பக்கவாட்டு எலும்பும் இடுப்புதான். கால் என்றால் தொடையிலிருந்து பாதம் வரை எதுவாகவும் இருக்கலாம். தோள்பட்டை என்பவர் கை வைப்பது கழுத்தடியில். விரல் கவட்டைக்குப் போனால் இடுப்பு மூட்டைச் சந்தேகப்படுவேன். பிட்டத்துக்குப் போனால் முதுகை. ஓரிடத்தில் நிற்காமல் பாதம் வரை ஓடினால் நரம்பை.

வலிக்கு அவர்கள் சொல்லும் சொல்லையும் தள்ளாதீர்கள். சுண்டி இழுக்கிறது, கரண்ட் அடிக்கிறது என்பவை பெரும்பாலும் நரம்பு. விண்விண்ணென்று தெறித்து, தொட்டால் சுடுகிறது என்றால் அழற்சியோ சீழோ. எப்படிப் படுத்தாலும் ராத்திரி முழுக்கக் குடைகிறது என்றால் என் காது நிமிர்ந்துவிடும். சொல்லை வைத்து நோயை முடிவு செய்ய முடியாதுதான். ஆனால் அடுத்துக் கையை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும்.

முதுகு வலியில் வெட்கப்படாமல் கேட்க வேண்டியது: சிறுநீர் அடைக்கிறதா, மலம் தெரியாமல் போகிறதா, சைக்கிள் சீட் படும் இடம் மரத்திருக்கிறதா? அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். ஆம் என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவு. காய்ச்சல், பழைய புற்றுநோய், காரணமில்லாத எடைக் குறைவு, நாள்பட்ட ஸ்டீராய்டு, விழுந்த கதை, இவற்றையும் கேட்டுவிட்டு எழுப்பி நிறுத்துங்கள். குதிகாலில் நடக்கச் சொல்லுங்கள், நுனிக்காலில் நடக்கச் சொல்லுங்கள், கால் கட்டைவிரலை உங்கள் விரலை எதிர்த்துத் தூக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும்.

ஸ்கேன் கேட்பவரிடம் 2015-ல் வந்த ஆய்வுத் தொகுப்பைச் சொல்கிறேன். முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் ஜவ்வு) சிதைவு தெரிந்தது. "உங்களுக்கும் ஏதாவது தெரியும், வலிக்கு அதுதான் காரணமா என்று படம் சொல்லாது" என்றால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். புதிதாக வந்த முதுகு வலி பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும். "கால் பலமிழந்தால் நாளைக்கே வாங்க, இல்லையென்றால் ஆறு வாரம் கழித்து வாங்க" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். முதல் பாதியை விட்டுவிட்டால் கைகழுவியதாக நினைப்பார்கள்.

பிசியோ அக்கா

உங்கள் பதிவிலேயே "லேசான தேய்மானம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. செருப்பு தேய்கிறது, டயர் தேய்கிறது. பயன்படுத்தினால் இன்னும் தேயும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நடையை நிறுத்திவிட்டு, தொடை மெலிந்து, ஆறு மாதம் கழித்து என்னிடம் வருகிறார்கள். "ஜவ்வு விலகிடுச்சு" என்பதும் அப்படித்தான். விலகியதை யாராவது தள்ளி உள்ளே வைக்க வேண்டும் என்று தேடி அலைகிறார்கள். நான் "மூட்டில் வயதின் மாற்றம், அசைத்தால்தான் பலப்படும்" என்று சொல்லிப் பார்க்கிறேன்.

பயிற்சித் தாளை மட்டும் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதை உங்கள் கண்முன்னே ஐந்து முறை செய்ய வையுங்கள். எழவே முடியவில்லை என்றால் அதுவும் உங்களுக்குச் செய்திதான்.

தோளுக்கு ஒன்று. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை நீங்களே வெளிப்பக்கம் திருப்புங்கள். அவராலும் முடியவில்லை, உங்களாலும் திருப்ப முடியவில்லை என்றால் தோள் இறுகியிருக்கிறது. சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

விடியல்காரன்

நான் மருத்துவன் இல்லை, நோயாளி. 24 வயதில் ஆரம்பித்த முதுகு வலிக்கு 31 வயதில்தான் பெயர் கிடைத்தது. எல்லோரும் எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள், எப்போது என்று யாரும் கேட்கவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு வலியில் எழுந்து நடப்பேன், நடந்தால் குறையும். காலையில் ஒரு மணி நேரம் ஷூ லேஸ் கட்டக் குனிய முடியாது. நான் போன ஒவ்வோர் இடத்திலும் "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். ரெஸ்ட் எடுத்தால்தான் எனக்கு மோசமாகும்! கடைசியில் ஒரு வாத நோய் நிபுணர் கேட்ட முதல் கேள்வியே "படுத்தால் நல்லாருக்கா, நடந்தால் நல்லாருக்கா?" என்பதுதான். தண்டுவட மூட்டழற்சி. தயவுசெய்து அந்தக் கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓபி டாக்டர்

எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் முழுக்க "ஒரு விரல்" கேட்டேன். இரண்டு "இடுப்பு வலி" கவட்டையில் முடிந்தது. விடியல்காரன், உங்கள் கேள்வியைச் சீட்டில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அப்புறம் ஒரு சந்தேகம். நேற்று இரவு திடீரென்று ஒரே முழங்கால் வீங்கிச் சுடுகிறது என்று ஒருவர் வந்திருக்கிறார். லேசான காய்ச்சல். யூரிக் அமிலம் சரியாக இருக்கிறது. கௌட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வீக்கம்) இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பழைய ஸ்டெத்

கூடாது. கௌட் தாக்கும் நேரத்தில் யூரிக் அமிலம் சாதாரணமாகக் காட்டலாம். அதைவிட முக்கியம், சூடான ஒற்றை மூட்டு என்றால் சீழ் இல்லை என்று உறுதியாகும் வரை சீழ்தான். ஆன்டிபயாடிக் எதுவும் தொடங்காமல், மூட்டு நீரை எடுத்துப் பரிசோதிக்கும் இடத்துக்கு இப்போதே அனுப்புங்கள். பதில் எழுதுவதெல்லாம் அப்புறம்.