பழைய ஜீப்புக்கு எந்த அளவு டயர்? உதவுங்கள்

வணக்கம். திருவொற்றியூரில் இருந்து எழுதுகிறேன். அப்பா விட்டுச்சென்ற மகிந்திரா சிஜே-3பி ஜீப்பை மறுபடியும் ஓடவைத்துவிட்டேன். டயர் மட்டும்தான் பாக்கி. இப்போது இருப்பவை 6.00-16 (6 அங்குல அகலம், 16 அங்குல ரிம்); ரிம்மின் அகலம் நாலரை அங்குலம். நான்கும் வெடிப்பு விட்டுவிட்டன.

தண்டையார்பேட்டையில் ஒரு கடைக்காரர் 15 அங்குல ரிம்முக்கு மாறி 235/75 (235 மி.மீ. அகலம், அதில் 75 சதவீதம் பக்கச்சுவர் உயரம்) போடச் சொல்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். விட்டம் சுமார் 733 மி.மீ., பழையதற்கு மிக அருகில்தான் வருகிறது. வேகமானி பெரிதாகப் பிசகாது. அகலம்தான் என் கவலை. அந்த டயருக்குக் குறைந்தது 6 அங்குல அகலமுள்ள ரிம் வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது முன் ஸ்பிரிங் பட்டையில் உரசுமா? உரசாமலிருக்க ரிம்மை வெளியே தள்ளினால் பேரிங்குக்குச் சுமை கூடுமே! பவர் ஸ்டியரிங்கும் கிடையாது. அம்மாவை ஏற்றிக்கொண்டு ராயபுரம் சந்துகளில் திருப்ப வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில், மழைநாளில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டுவதற்குக் குறுகிய டயரே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதே வண்டியில் 15 அங்குலம் போட்டவர்கள் ரிம்மின் அகலத்தையும் ஆஃப்செட்டையும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை) தயவுசெய்து சொல்லுங்கள். என் வண்டியில் ஐந்து போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ. 6.00-16 புதிதாகக் கிடைக்கும் கடை தெரிந்தாலும் எழுதுங்கள். அப்பா ஓட்டிய தோற்றத்திலேயே அதை வைத்திருக்கத்தான் எனக்கு ஆசை.