உரை பிரித்தெடுப்பு எங்கே நடக்க வேண்டும்: தேடுபொறிக்குள்ளா, வெளியிலா?

கோப்புக்காவலர்

ஷேர்பாயிண்ட், ஆல்ஃபிரெஸ்கோ என்ற ஆவணக் கிடங்குகளிலும் பழைய பகிர்வு டிரைவிலும் கிடக்கும் ஆவணங்களை ஒரே தேடலுக்குள் கொண்டுவர எலாஸ்டிக்சர்ச் தேடுபொறியின் அட்டாச்மெண்ட் பிராசசரே (கோப்பிலிருந்து உரையை எடுக்கும் அதன் உள்பகுதி) போதும் என்று முந்தைய இழையில் முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. உரை எடுப்பது தனிச் சேவையாக இருக்க வேண்டும். எடுத்த உரையையும் தனியாகச் சேமித்து வைக்க வேண்டும்.

அந்த பிராசசர் இயல்பு அமைப்பில் 1,00,000 எழுத்துகளோடு நின்றுவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. நீண்ட ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இருக்கும் பிரிவைத் தேடினால் "இல்லை" என்றே பதில் வரும், ஆனால் ஆவணம் இண்டெக்சில் (தேடல் அட்டவணையில்) இருப்பதாகவே கணக்கு காட்டும். மேலும் கோப்பு பேஸ்64 என்ற வெற்றெழுத்துக் குறியீடாக மாறி ஜேசன் வடிவக் கோரிக்கைக்குள் போவதால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. எச்டிடிபி கோரிக்கையின் அளவு வரம்பு இயல்பாக 100 எம்பி. ஆக, 75 எம்பி தாண்டிய கோப்பு வாசலிலேயே நின்றுவிடும். எல்லாவற்றையும்விட மோசமானது, உரையை எடுக்கும் அப்பாச்சி டீக்கா நூலகம் தேடுபொறியின் அதே ஜேவிஎம்முக்குள் (ஜாவா இயங்குசூழலுக்குள்) ஓடுவது. சிதைந்த பிடிஎஃப் ஒன்று ஹீப்பை (அதன் நினைவகத்தை) நிரப்பினால் விழுவது தேடுபொறியின் அந்த நோடு (சர்வர்) முழுவதும்.

எளிமைவிரும்பி

நீங்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அமைப்பிலேயே வழி இருக்கிறது சார். எழுத்து வரம்பை -1 ஆக்கினால் வெட்டு நிற்கும். இன்ஜெஸ்ட் (உள்ளேற்றும்) பொறுப்பு மட்டும் உள்ள நோடு இரண்டைத் தனியாக வைத்தால் டேட்டா நோடுகளுக்குப் பாதிப்பில்லை. பேஸ்64 புலத்தை இண்டெக்ஸ் ஆகும் முன் நீக்கிவிடும் விருப்பமும் உண்டு. இரண்டு பேர் பார்த்துக்கொள்ளும் அமைப்பில் இன்னொரு சேவை, இன்னொரு கியூ (காத்திருப்பு வரிசை), இன்னொரு சேமிப்பகம் என்று சேர்த்தால் பாதுகாப்புப் பேட்ச் போடவே நேரம் போய்விடும். உரையைத் தனியாக வைக்கவும் தேவையில்லை. அது இண்டெக்சின் சோர்ஸ் புலத்தில் (ஏற்றிய ஆவணத்தின் பிரதியில்) அப்படியே இருக்கிறது. அனலைசரை (உரையைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதியை) மாற்றினால் ரீஇண்டெக்ஸ் ஓட்டினால் போதும், மூலக்கோப்பைத் தொட வேண்டியதில்லை.

கோப்புக்காவலர்

அனலைசர் மாறும்போது நீங்கள் சொல்வது சரி. பிரித்தெடுத்த விதமே தவறாக இருந்தால்? ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டாச்மெண்ட் பிராசசர் ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தை அறிதல்) செய்யாது. உரைப்புலம் வெறுமையாக வரும், கோரிக்கை வெற்றி என்றே பதிவாகும். வெறுமையை எத்தனை முறை ரீஇண்டெக்ஸ் செய்தாலும் வெறுமைதான்.

டீக்கா சர்வரைத் தனியாக ஓட்டினால் (இயல்பு போர்ட் 9998) டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளை இணைக்கலாம். அங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. ஓசிஆர் மொழி இயல்பாக ஆங்கிலம். கோரிக்கையின் ஹெடரில் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் தமிழ்ப் பக்கம் பொருளற்ற லத்தீன் எழுத்துகளாகத் திரும்பி வரும். அதற்கும் பிழைச்செய்தி கிடையாது.

எழுத்துருத்தேடி

தமிழ் ஆவணம் என்றால் பிரச்சினை ஓசிஆருக்கு முன்பே தொடங்குகிறது. தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் தரநிலையாக ஏற்றது 2010-இல். அதற்கு முந்தைய கோப்புகள் பெரும்பாலும் டேப், டாம், டிஸ்கி, பாமினி, வானவில் என்று பழைய எழுத்துருக் குறியாக்கம் ஏதோ ஒன்றில் இருக்கும். டீக்காவுக்கு அது தெரியாது. உள்ளே இருக்கும் குறியீடுகளை அப்படியே தரும்.

பாமினியைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. அதில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியின் இடத்தில் இருக்கிறது. சொற்களுக்கு நடுவே அரைப்புள்ளி கொட்டிக் கிடந்தால் அது பாமினியாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். தேடுபொறியின் ஸ்டாண்டர்ட் டோக்கனைசர் (சொற்பிரிப்பான்) அந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடும். எனவே மாற்றம் இண்டெக்சுக்கு முன்பே நடந்தாக வேண்டும்.

ஒரே ஆவணத்தில் பாமினியும் ஆங்கிலமும் கலந்திருந்தால் வெற்று உரையை வைத்து நம்பிப் பிரிக்க முடியாது. எழுத்துருப் பெயர் வேண்டும். வேர்டு கோப்பில் ஒவ்வொரு துண்டின் பண்பிலும் அது எழுதியிருக்கும். இல்லையென்றால் ஸ்டைல் கோப்பிலிருந்து மரபாக வரும், அதையும் பார்க்க வேண்டும். பிடிஎஃப்புக்கு பிடிஎஃப்பாக்ஸ் நூலகத்தின் டெக்ஸ்ட் ஸ்டிரிப்பரை நீட்டி எழுதி, ஒவ்வோர் எழுத்தின் எழுத்துருவையும் கேட்டு வாங்கலாம்.

யூனிகோடு பிடிஎஃப் என்றாலும் நிம்மதி இல்லை. ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் வரையப்படுவதால், "பொருள்" என்ற சொல் கொம்பு, ப, கால், ருள் என்ற வரிசையில் வெளியே வரும். கொம்பை மெய்க்குப் பின்னால் நகர்த்தி, பிறகு என்எஃப்சி சீராக்கம் (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) செய்தால்தான் கொம்பும் காலும் ஒரே குறியாக இணையும். முதலில் என்எஃப்சி, பிறகு நகர்த்தல் என்று செய்தால் இரண்டும் பிரிந்தே நிற்கும்.

எளிமைவிரும்பி

எழுத்துரு விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், 2010-க்கு முந்தைய கிடங்கு இருந்தால் தனிப் படி தவிர்க்க முடியாது. ஆனால் உரையைத் தனியாகச் சேமிப்பதில் ஒரு ஆபத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ரகசிய ஆவணத்தின் முழு உரையும் இன்னோர் இடத்தில் உட்காருகிறது. ஷேர்பாயிண்டில் அனுமதியைப் பறித்தாலும், கோப்பையே அழித்தாலும், அந்தப் பிரதி அப்படியே கிடக்கும். அதைத் துடைப்பது யார் வேலை?

குழாய்க்காரர்

நியாயமான கேள்வி. உரையை, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகையான எஸ்எச்ஏ-256 ஹாஷைச் சாவியாக்கிச் சேமியுங்கள். அனுமதிப் பட்டியலை அதனோடு கலக்காமல் ஆவண எண்ணோடு வேறு அட்டவணையில் வையுங்கள். ஒரே கோப்பு ஐந்து கோப்புறைகளில் இருந்தால் உரை ஒன்று, அனுமதிகள் ஐந்து. அனுமதி மாறும்போது டீக்காவைக் கூப்பிடவே வேண்டாம், இண்டெக்சில் அந்தப் புலத்தை மட்டும் புதுப்பிக்கலாம். ஒரு ஹாஷைச் சுட்டும் கடைசி ஆவணம் அழியும்போது உரையும் அழிய வேண்டும்.

அழிவு நடந்ததை எப்படி அறிவது என்பதுதான் கடினம். ஷேர்பாயிண்டை அணுகும் மைக்ரோசாஃப்ட் கிராஃபின் டெல்டா வினவலில் (கடைசியாகக் கேட்டதற்குப் பின் மாறியவற்றின் பட்டியலில்) அழிக்கப்பட்டவையும் வரும். ஆனால் விட்ட இடத்தைக் குறிக்கும் டோக்கன் காலாவதியானால் 410 என்ற பிழைக்குறி திரும்பும். அப்போது முழுப்பட்டியலையும் மறுபடி எடுத்து, நம்மிடம் இருந்து அங்கே இல்லாதவற்றை நீக்க வேண்டும். வெறுமனே புதிய டோக்கன் வாங்கித் தொடர்ந்தால், இடைப்பட்ட அழிவுகள் நிரந்தரமாகத் தவறிப்போகும்.

இந்தப் படிகளை அப்பாச்சி நைஃபை என்ற தரவுக்குழாய் மென்பொருளில் கட்டலாம். படிகளுக்கு நடுவே உள்ள இணைப்பு ஒவ்வொன்றிலும் இயல்பு எல்லை 10,000 கோப்புகள் அல்லது 1 ஜிபி. பெரிய பிடிஎஃப்கள் வந்தால் 1 ஜிபி சீக்கிரம் நிரம்பி அதற்கு முந்தைய படி நின்றுவிடும். அதைப் பழுது என்று எண்ணி எல்லையைக் கண்டபடி உயர்த்தாதீர்கள், வட்டுதான் நிறையும்.

கோப்புக்காவலர்

ஒன்று சேர்க்க வேண்டும். டீக்கா சர்வர் 2-ஆம் பதிப்பிலிருந்து வேலையைத் துணைச் செயல்முறையில் (தனி புராசசில்) செய்கிறது. ஒரு கோப்பு 5 நிமிடம் தாண்டினால் அந்தச் செயல்முறையே மறுதொடக்கம் ஆகும், அப்போது உள்ளே இருந்த மற்ற கோப்புகளும் சேர்ந்து விழும். எனவே விழுந்த எல்லாவற்றையும் குற்றவாளி ஆக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனியாக மறுபடி அனுப்புங்கள். மூன்றாம் முறையும் விழுவதை மட்டும் ஒதுக்குக் கியூவில் போடுங்கள்.

எளிமைவிரும்பி

சரி, ஹாஷ் ஏற்பாடு என் கேள்விக்குப் பதில்தான். ஆனாலும் எல்லாருக்கும் இது வேண்டும் என்பதை இன்னும் ஏற்கவில்லை. யூனிகோடு வேர்டு கோப்புகள் மட்டும் உள்ள இடத்தில் அட்டாச்மெண்ட் பிராசசர் நன்றாகவே ஓடும். கட்டும் முன் இருக்கிற இண்டெக்சில் இரண்டு எண்ணிக்கை எடுங்கள். உரை நீளப் புலம் 1,00,000 அல்லது அதற்குச் சற்றே குறைவாக உள்ள ஆவணங்கள் எத்தனை? உரை வெறுமையாக உள்ள பிடிஎஃப்கள் எத்தனை? முதலாவது மட்டும் இருந்தால் வரம்பை மாற்றி அவற்றை மட்டும் மறுபடி ஏற்றலாம். இரண்டாவதும் கணிசமாக இருந்தால் கோப்புக்காவலர் சொன்ன வழிதான்.

எழுத்துருத்தேடி

மூன்றாவது எண்ணிக்கையும் எடுங்கள்: தமிழ்த் துறைகளின் கோப்புறையில் இருந்தும் உரையில் ஒரு தமிழ் யூனிகோடு எழுத்துகூட இல்லாத ஆவணங்கள். அவை முதல் இரண்டு வலையிலும் சிக்காது. நீளமும் இருக்கும், உரையும் இருக்கும்.