ஆடிப்பெருக்குச் சப்பரத்துக்குச் சக்கரம் செய்வது எப்படி?

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். நாங்கள் திருவையாற்றில் வசிக்கிறோம். ஆடி 18 அன்று பேரப்பிள்ளைகள் காவிரியின் புஷ்ய மண்டபப் படித்துறை வரை இழுத்துச் செல்வதற்கான சிறு சப்பரத்தை, கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

சென்ற ஆண்டும் முயன்றோம். மூங்கில் சிம்புகளை நூலால் கட்டி, வண்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே அம்மன் படம் வைத்தபோது மேல்பகுதி அழகாகவே அமைந்தது. கெடுத்தது சக்கரம்தான். அட்டையை வட்டமாக வெட்டி நான்கு அடுக்காக ஒட்டியிருந்தேன். வாசல் தெளித்திருந்த தெருவில் இருபது அடி போவதற்குள் அது ஊறி, அப்பளம் போல மடங்கிவிட்டது. சின்னவன் சப்பரத்தைத் தலையில் சுமந்துகொண்டே ஆற்றுக்கு வந்தான். (அவனுக்கு அதுவும் பெருமைதான்.)

இம்முறை தேங்காய்ச் சிரட்டையின் அடிப்பகுதியை அறுத்துத் தேய்க்கலாமா, தண்ணீர்ப் புட்டி மூடிகளை இரண்டிரண்டாகச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன். சிரட்டை வட்டமாக வருமா என்பது ஐயமே. அச்சுக்குச் சைக்கிள் கம்பி போதுமா, சக்கரம் கழன்றுவிடாமல் நுனியில் என்ன மாட்டுவது என்பதையும் செய்து பார்த்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தால் பூச்சி அரிக்காது என்றாலும் அது நஞ்சு. பிள்ளைகள் கை படும் பொருளுக்கு வேறு பசை இருந்தால் சொல்லுங்கள்.