'ஃபைட்'னு எழுதிக் கொடுத்த ஒரு வரி

கொண்டலாம்பட்டிக்காரன்:
ஷிஃப்ட் மாத்துனதுல இன்சார்ஜுக்கும் எனக்கும் வாய்த்தகராறுங்க. யாரும் யாரையும் தொடலை, சுத்தி நின்னவங்க எல்லாம் சாட்சி. மறுநாள் விளக்கக் கடிதத்தை இங்கிலீஷ்ல எழுதித் தரச் சொன்னாங்க. 'ஐ ஹேட் எ ஃபைட் வித் தி ஷிஃப்ட் இன்சார்ஜ்'னு எழுதிட்டேன். நமக்கு வாயால போட்டாலும் சண்டைதான், கையால போட்டாலும் சண்டைதான். விசாரணைக்கு வெளியூர்ல இருந்து வந்த மேடம் அந்த வரிக்கடியில சிவப்புக் கோடு போட்டு வச்சிருந்தாங்க. நிமிர்ந்து பார்த்து, "ஹூ ஹிட் ஃபர்ஸ்ட்?"னு கேட்டாங்க. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. இன்சார்ஜே "அடிக்கலைங்க மேடம்"னு சொன்னாரு. ஆனா கடிதம் என் கையெழுத்தோட இருக்கே. மூணு நாள் சஸ்பென்ஷன். 'ஆர்கியுமென்ட்'னு போட்டிருந்தா தப்பிச்சிருப்பேன்.

நாகலூர் காபித்தோட்டம்:
எனக்கு 'டிஸ்பியூட்'. அராபிகா பார்ச்மென்ட்டை, அதான் பழத்தோல் நீக்கி உள்தோலோட இருக்கற காபிக்கொட்டையை, களத்துல 10 சதவீத ஈரத்துக்குக் காய வச்சு, ஏற்காட்டு மலைப்பாதையோட 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கி அனுப்புனோம். வாங்குறவங்க மீட்டர் 12 காட்டுதுன்னாங்க. மறுபடி ஒருதரம் அளந்து பாருங்கன்னு கேக்கத்தான் நினைச்சேன். எழுதுனது 'வீ டிஸ்பியூட் யுவர் ரீடிங்'. வியாபாரத்துல அந்தச் சொல் வந்துட்டா வழக்குக்கு நிக்குறோம்னு எடுத்துக்கறாங்க. மெயில் அவங்க வக்கீலுக்குப் போயிருச்சு, பணம் நின்னுருச்சு. சனிக்கிழமை சாயங்காலம் கூலிக்கு வரிசையில நின்னவங்க முகம் இன்னும் கண்ணுலயே நிக்குது.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
கொண்டலாம்பட்டி அண்ணா, உங்க இங்கிலீஷ்ல தப்பில்லை. புருஷன் பொண்டாட்டி வாய்ச்சண்டையைக்கூட அவங்க 'ஹேட் எ ஃபைட்'னுதான் சொல்றாங்க. வீட்டுல சொல்ற சொல் ஆபீஸ் காகிதத்துல ஏறுனா கைகலப்பு ஆயிடுது, அவ்வளவுதான். மேடம் சாட்சியைக் கேட்டிருக்கணும்.

கொலுசு ஏற்றுமதிக்குக் கடிதம் எழுதி எழுதிப் பழகுனதுல சொல்றேன். நாம வாக்குவாதம் 'முத்திப்போச்சு'ன்னு சொல்லுவோம், மனஸ்தாபம் 'வந்துருச்சு'ன்னு சொல்லுவோம், மாத்திச் சொன்னா காது ஒத்துக்காது. அவங்களுக்கும் அப்படித்தான். ஆர்கியுமென்ட்டுக்கு 'ஹீட்டட்' சேரும், 'ஹாட்' சேராது. டிஸ்பியூட்டுக்கு 'பிட்டர்', அதைத் தீர்க்கறது 'செட்டில்'. டிஸகிரிக்கு 'ஸ்ட்ராங்லி', 'கம்ப்ளீட்லி' ரெண்டும் சேரும், 'ஹைலி' சேராது. பெரியவங்ககிட்ட, பணம் தர வேண்டியவங்ககிட்ட 'டிஃபரன்ஸ் ஆஃப் ஒப்பினியன்' போதும். நாகலூர்க்காரரே, நீங்க 'குட் யூ ப்ளீஸ் செக் தி ரீடிங் அகெய்ன்'னு கேட்டிருக்கலாம். மறுப்புன்னே தெரியாது, வேலையும் நடந்திருக்கும். 'ஐ பெக் டு டிஃபர்' மட்டும் வேண்டாம். பணிவு மாதிரி இருக்கும், படிக்கறவருக்குச் சுருக்குன்னு தைக்கும். எனக்கு ஒரு ஆர்டரே அதுல போச்சு.

நாகலூர் காபித்தோட்டம்:
இப்ப சொல்றது சுலபம். களத்துல காபி கிடக்க, மானம் இருட்டிக்கிட்டு வர்றப்ப மெயில் எழுதிப் பாருங்க.

ஓமலூர் டீச்சர்:
ஒன்பதாம் வகுப்புல விவாதம் வச்சிருந்தேன். எப்பவும் பேசாத ஒரு பொண்ணு எழுந்திரிச்சு "ஐ ஆம் நாட் அக்ரி"ன்னா. அக்ரி வினைச்சொல், 'ஐ டோன்ட் அக்ரி'ன்னு வரணும். ஒத்துக்கறேன், பிழைதான். பிள்ளைங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டேன். அவ உதட்டைக் கடிச்சுக்கிட்டே பெஞ்சுல உக்காந்தா. எதை ஒத்துக்கலை, ஏன் ஒத்துக்கலைன்னு நான் கேக்கவே இல்லை. சரியான வாக்கியத்தைப் போர்டுல எழுதிட்டு அடுத்த பிள்ளைக்குப் போயிட்டேன்.

கொண்டலாம்பட்டிக்காரன்:
அந்தப் பொண்ணு அப்புறம் பேசுச்சாங்க டீச்சர்?

ஓமலூர் டீச்சர்:
இல்லைங்க. பத்தாவதுக்கு வேற பள்ளிக்கூடம் போயிட்டா.