சென்னை – லண்டன் 8,230 கிலோமீட்டர்: வேலூரிலிருந்து கிளம்புபவர்களுக்கான நேரக் கணக்கு

(காட்பாடி, ஆம்பூர், வேலூர்க்காரர்கள் பேசிக்கொள்வது)

காட்பாடி:
சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு நேர்வழித் தூரம் சுமார் 8,230 கிலோமீட்டர். பூமி உருண்டை, அதனால் சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் தப்பாக வரும். இந்தத் தூரத்தை விமானத்தின் வேகமான மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்து "9 மணி நேரம்தான்" என்று சொல்லிவிடக் கூடாது. ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது, சுற்றுவழி எல்லாம் சேர்ந்தால் போகும்போது பத்தரை, பதினொரு மணி நேரம் ஆகிவிடும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். காலை 6 மணிக்குப் புறப்பாடு, 11:30-க்கு இறக்கம் என்று போட்டிருந்தால், குளிர்காலத்தில் அது 11 மணி நேரப் பயணம்; அப்போது லண்டன் நேரம் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். கோடையில் 10 மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதுதான் காரணம்.

ஆம்பூர்:
காற்றை விட்டுட்டீங்களே அண்ணே! விமானத்தின் 900 என்பது காற்றுக்குள் அதன் வேகம். 100 கிலோமீட்டர் எதிர்காற்று அடித்தால் தரைக்கணக்கில் 800 தான். 8,230-க்கு 10 மணி 17 நிமிடம். அதே காற்று முதுகில் தள்ளினால் 8 மணி 14 நிமிடம். வழி முழுக்க ஒரே காற்று அடிக்காது, ஆனாலும் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் பயணம் குறைவாக இருப்பது இதனால்தான். மேலடுக்கில் அங்கே மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் வலு அதிகம். நம்ம தலைக்கு மேலே ஜூன் முதல் செப்டம்பர் வரை நேர்மாறு, கிழக்கிலிருந்து அடிக்கும். ஆகவே "கிழக்கே போனால் சீக்கிரம்" என்று எல்லா ஊருக்கும் சொல்ல முடியாது. சென்னையிலிருந்து மேற்கே துபாயும் கிழக்கே சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே தூரம், 2,930 கிலோமீட்டர் சுமார்; ஆனால் காற்று ஒன்றுக்கு எதிராகவும் மற்றதற்குத் துணையாகவும் இருக்கும். எதற்கும் பயண நேரத்தைத் தனித்தனியாகப் பார்த்துக்கோங்க.

வேலூர், சத்துவாச்சாரி:
ஆம்பூர் பாய் சொன்னது வானத்துக் கணக்கு. அதிகம் தவறுவது தரையில்தான். 15-ஆம் தேதி அதிகாலை 2 மணி விமானம் என்றால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி மாலை. தேதியைப் பார்த்து ஒரு நாள் தள்ளிப் போனால் டிக்கெட் போச்சு.

அந்த விமானத்துக்கு இரவு 11 மணிக்கு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். சாலைவழி ஏறத்தாழ 135 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் வையுங்க. ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி நெரிசலுக்கு இன்னும் ஒரு மணி. ஆக, மாலை 7 மணிக்கு வண்டி நகர்ந்தாக வேண்டும்.

ரயில் என்றால் காட்பாடியிலிருந்து சென்ட்ரல் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று கூடக்குறைய. அங்கே மெட்ரோ நேராக விமான நிலையம் போகும், மாறத் தேவையில்லை. ஆனால் நள்ளிரவில் மெட்ரோ ஓடாது. ரயில் தாமதமானால் சென்ட்ரலில் பெட்டியோடு டாக்சி தேட வேண்டிவரும், அதனால் முந்தைய ரயிலையே பிடியுங்க.

காட்பாடி:
பெங்களூரிலிருந்து விமானம் என்றால் நகரத்துக்குள் நுழையாதீங்க. சித்தூர், பலமநேர், கோலார், ஹொசகோட்டே வழியாக, விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி போயிடலாம். நாலு மணி நேரமாவது ஒதுக்கணும்.