மஞ்சக்குப்பம் கோர்ட் பக்கத்துப் பழைய லாட்ஜ்: உங்களுக்கு என்ன ஞாபகம்?

கள்ளக்குறிச்சிக்காரன்

போன வாரம் கடலூர் போனபோது பார்த்தேன், அந்த லாட்ஜை இடிக்கிறார்கள். பெயர் வேண்டாம், கேஸ் என்று கடலூருக்கு அலைந்த எவருக்கும் தெரியும். கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே அறைகள், மாடிப்படி முடிகிற இடத்தில் மண்பானைத் தண்ணீர்.

1978. எனக்குப் பத்து வயது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கிணற்றுப் பங்கு வழக்கு. அப்போது நாங்கள் தென்னாற்காடு, ஜில்லா கோர்ட் கடலூரில்தான். அப்பீல் வாய்தா என்றால் முந்தின நாளே கிளம்பி, உளுந்தூர்ப்பேட்டை, பண்ருட்டி என்று வந்து, ராத்தங்கித்தான் ஆக வேண்டும். சித்தப்பாவுக்கும் அதே பஸ், அதே லாட்ஜ். நாலு வருஷமாகப் பேச்சில்லை. அவர் முன் சீட்டில், நாங்கள் பின் சீட்டில்.

ராத்திரி சாப்பாட்டுக்கு இறங்கினோம். இலை போடுகிறவர் எங்களை ஒரே வரிசையில் உட்காரவைத்துவிட்டார். அப்பா, நான், எனக்கு அந்தப் பக்கம் சித்தப்பா. ஆளுக்கு ஓர் அப்பளம். என்னுடையதை நொறுக்கித் தின்றுவிட்டு, மறுபடி வருமா என்று சமையல் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா தலையைத் திருப்பவில்லை. சோற்றில் கை வைப்பதற்கு முன்னால், தன் அப்பளத்தை ஒரு விரலால் தள்ளித் தள்ளி என் இலை ஓரத்துக்குக் கொண்டுவந்து விட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "தின்னு" என்றார். அவ்வளவுதான்.

வழக்கு அப்புறமும் ஆறு வருஷம் நடந்தது. இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த "தின்னு" எதைப் பார்த்துச் சொன்னது என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

முதுநகர் பையன்

அது சாதாரண லாட்ஜ் இல்லை. பாரதியார் பாண்டிச்சேரியை விட்டு வந்தபோது தங்கிய இடம். கல்லூரி நாளில் ஒரு நண்பனைப் பார்க்கப் போனபோது மேனேஜரே கூட்டிப்போய்க் காட்டினார். மாடியில் கடைசி அறை, சுவரில் ஒரு பெரிய ஆணி. தலைப்பாகை மாட்டிய ஆணியாம். தொட்டுப் பார்த்தேன். துரு விரலில் ஒட்டியது. ஒரு நாள் முழுக்க அந்தக் கையைக் கழுவவில்லை. இடிக்கிறவர்கள் அந்த ஆணியை என்ன செய்தார்களோ.

ஓய்வு பெற்ற குமாஸ்தா

தம்பி, கையைக் கழுவியிருக்கலாம். பாரதியார் 1918 நவம்பர் 20 அன்று பாண்டிச்சேரி எல்லையைத் தாண்டியதுமே பிடிபட்டார். டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறையில் இருந்தார். அவருக்கு லாட்ஜில் அறை போட எங்கே நேரம்? போதாக்குறைக்குக் கட்டடமும் அதற்குப் பிறகு எழுந்தது. அந்த மேனேஜர் மாதா மாதம் ஒரு பெரிய மனிதரை அந்த அறையில் தங்கவைப்பார். என்னிடம் வேறொரு தலைவர் பெயரைச் சொன்னார். ஆணி மட்டும் அதேதான்.

எங்கள் அப்பாவும் வக்கீல் குமாஸ்தா, நானும் அதே. இரண்டு தலைமுறையாக அங்கேதான் காபி. என்னை உறுத்துவது வாசல் நெற்றி. அதில் லாட்ஜ் பெயருக்கு மேலே ஒரு வரி கொத்தி எடுக்கப்பட்டிருந்தது. 1957-இல் பெரியார் ஓட்டல் பலகைகளில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் போராட்டம் நடத்தியபோது, இங்கேயும் உளி வைத்துவிட்டார்கள் என்று அப்பா சொன்னார். சுண்ணாம்பில் புடைப்பாகச் செய்த எழுத்து, கொத்தினாலும் அடிச்சுவடு போகவில்லை. வெயிலில் ஒன்றும் தெரியாது. ஐப்பசி அடைமழையில் சுவர் நனைந்தால் அந்த ஐந்து எழுத்தும் கருகருவென்று மேலே வரும். அப்பாவுக்கு அது தெரியும். அதனால் மழை நாளில் அந்த வாசல் வழியாகப் போகாமல் சந்து வழியாகச் சுற்றி வருவார். ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்டிருக்க வேண்டும்.

மற்றபடி லாட்ஜைக் கொன்றது வயசு இல்லை. 1993 செப்டம்பர் 30-ஆம் தேதி மாவட்டத்தைப் பிரித்தார்கள். கள்ளக்குறிச்சி, திண்டிவனம் எல்லாம் விழுப்புரத்தோடு போயிற்று. வாய்தாவுக்கு முந்தின நாள் படுக்கப் பாய்கூடக் கிடைக்காத இடத்தில், பிறகு சாவிக்கொத்து ஆணியிலேயே தொங்கியது.

லைன்மேன், மதுரைப் பக்கம்

நான் கோர்ட்டுக்கு வரவில்லை, தானே புயலுக்கு வந்தவன். 2011 டிசம்பர் 30 காலையில் புயல் கரை கடந்தது. அடுத்த சில நாளில் எங்களை லாரியில் அனுப்பிவிட்டார்கள். பகலெல்லாம் கம்பம் நட்டோம். ராத்திரி அந்த லாட்ஜில் மெழுகுவர்த்தி. ஊருக்கு விளக்குப் போட வந்தவர்கள் இருட்டில் படுத்தோம் என்று நாங்களே சிரித்துக்கொண்டோம்.

ஒரு நாள் எதிரில் ஒரு பெரியவர் சாப்பிட்டார். பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்பு, நிவாரண மனு கொடுக்கக் கலெக்டர் ஆபீசுக்கு வந்திருக்கிறார். சாப்பாடு முடியும் நேரம் இலையில் மீதிச் சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி வரிசையாக வைத்தார். பிறகு ஒவ்வொன்றாக ஆட்காட்டி விரலால் சாய்த்தார். "இது தாத்தா வைத்தது. இது அப்பா வைத்தது." கடைசி ஒன்றைச் சாய்க்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போனார். பரிமாறுகிறவர் இலையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

பாண்டி மேஸ்திரி

2002-இல் ஒரு ராத்திரி தங்கினேன். கொசு. அதைவிட, கட்டிலுக்கு நேர் மேலே தளத்தில் பெரிய ஈரத் திட்டு. சொட்டுமோ என்று தூங்கவில்லை.

அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வயசு இல்லை, மாவட்டம் இல்லை, அந்தக் கட்டடத்தைக் கொன்றது சிமென்ட். அது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், அதன் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டுவார்கள். ஒழுகினால் மறுபடி சுண்ணாம்புதான் போட வேண்டும். யாரோ அவசரத்துக்குச் சிமென்ட் பூசிவிட்டார். சுண்ணாம்பு ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் விடும். சிமென்ட் விடாது. ஈரம் கீழே இறங்கி உத்தரத்தின் முனை, சுவருக்குள் புதைந்திருக்கும் பாகம், உளுத்துப்போகும். கண்ணுக்குத் தெரியாது. உங்கள் வீட்டிலும் இப்படித் தளம் இருந்தால், உத்தர முனையில் ஒரு ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் உடனே முட்டுக் கொடுங்கள். சுவருக்குப் பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்காதீர்கள், வெள்ளையே போதும். மாடியில் தண்ணீர்த் தொட்டி வைக்காதீர்கள். ஆலஞ்செடி முளைத்தால் வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு எடுக்க வேண்டும். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரத் தெரு வீடுகள் எத்தனை ஓட்டல்களாக நிற்கின்றன! கடலூரில் ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லையா?

கள்ளக்குறிச்சிக்காரன்

மேஸ்திரி, தளமே இப்போது இல்லை. குமாஸ்தா ஐயா, ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அந்த இலை போடுகிறவர், காதில் கடுக்கன் போட்டவர், நினைவிருக்கிறதா? எங்கள் வழக்கு அவருக்குத் தெரிந்திருக்குமா?

ஓய்வு பெற்ற குமாஸ்தா

தெரியாமல் என்ன. யாருக்கு யார் எதிர்க்கட்சி என்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் இறங்கி வந்தால் ஒருவரை ஜன்னல் பக்கம், ஒருவரைச் சமையல் கட்டுப் பக்கம் உட்காரவைப்பார். அதில் அவர் தவறி நான் பார்த்ததில்லை.