நான்கு அடித் தொட்டிக்கு வீட்டிலேயே ஓவர்ஃப்ளோவும் சம்ப்பும் அமைப்பது எப்படி?

கேள்வி (அல்சூர், பெங்களூரு)

வணக்கம். 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டியில் தங்கமீன்கள் வளர்க்கிறேன். அவை போடும் கழிவுக்கு இப்போதுள்ள ஃபில்டர் ஈடுகொடுக்கவில்லை என்பதால், ஸ்டாண்டுக்குள் 75 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரத்தில் ஒரு சம்ப் (ஃபில்டரும் பம்ப்பும் வைக்கும் கீழ்த்தொட்டி) வைக்க எண்ணியுள்ளேன். கண்ணாடியில் துளையிடத் தயக்கமாக இருக்கிறது, பி.வி.சி. குழாய்களை ஒட்டி, விளிம்புக்கு மேலாகத் தண்ணீரைச் சம்ப்புக்கு இறக்கும் ஓவர்ஃப்ளோ முறை போதுமா? எங்கள் தெருவில் மின்சாரம் அடிக்கடி போய் வருகிறது. கீழ்வீட்டுக்குத் தண்ணீர் ஒழுகிவிடக் கூடாது.

பதில் 1 (பானஸ்வாடி)

மின்சாரம் போனால் எவ்வளவு நீர் இறங்கும் என்பதைக் குழாய் வாங்குவதற்கு முன்பே கணக்கிட்டுவிடலாம். உங்கள் தொட்டியில் ஒரு செ.மீ. நீர் என்பது 5.4 லிட்டர். பம்ப்பிலிருந்து மேலே வரும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருந்தால், மின்சாரம் நின்றதும் அதே குழாய் வழியாக 27 லிட்டர் சம்ப்புக்குத் திரும்பி இறங்கும். சம்ப்பில் அது ஏறத்தாழ 12 செ.மீ. உயரும் என்பதால், ஓடும்போது சம்ப்பின் நீர்மட்டம் 22 செ.மீ.க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே மட்டும் வைத்தால் திரும்பும் நீர் வெகுவாகக் குறையும். நீரை ஒரு திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வை நம்பியிருக்க வேண்டாம். சிறு நத்தையோ பாசியோ சிக்கினாலே அது முழுதாக மூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து, விளிம்பைத் தாண்டும் குழாயின் உச்சியில் காற்றுக்குமிழிகள் சேர்ந்து சைஃபன் (குழாய் நிறைய நீர் இருப்பதால் விளிம்பைத் தாண்டித் தானாக இறங்கும் ஓட்டம்) அறுந்துபோவது. அப்படி அறுந்த பின் மின்சாரம் வந்தால், நீர் இறங்க வழியில்லாத நிலையிலும் பம்ப் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே பம்ப் அறையில் (சம்ப்பில் பம்ப் இருக்கும் தடுப்பில்) உள்ள நீர் முழுவதும் மேலேறினாலும் தொட்டி தாங்க வேண்டும். பம்ப் அறையை 25 செ.மீ. நீளத்தில் தடுத்து, பம்ப்பின் வாய்க்கு மேல் 20 செ.மீ. நீர் வைத்தால் 15 லிட்டர் ஆகிறது. தொட்டியில் விளிம்புக்குக் கீழே 4 செ.மீ. காலியாக விட்டிருந்தால் 21 லிட்டருக்கும் மேல் இடம் உண்டு. அந்த அறையில் நீரின் உச்ச அளவைக் கோடு போட்டுக் குறித்து, ஆவியாகும் நீரை ஈடுசெய்யும்போது அதைத் தாண்டாதீர்கள்.

பதில் 2 (சி.வி. ராமன் நகர்)

மேற்கண்ட கணக்கை ஏற்கிறேன்; ஆனாலும் மின்சாரம் இவ்வளவு போய் வரும் வீட்டில் துளையிடுவதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் துளை வழியாக வழியும் நீருக்கு சைஃபனே தேவையில்லை. முதலில் தொட்டியின் கண்ணாடி டஃபன்டு (சூடாக்கிக் கடினமாக்கியது) வகையா என்று பாருங்கள். டஃபன்டு என்றால் துளையிட்டதும் நொறுங்கிவிடும். தொட்டியின் பின்னால் லேப்டாப்பின் வெள்ளைத் திரையை வைத்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியாக நோக்கினால், டஃபன்டு கண்ணாடியில் கருமையான பட்டைகளோ திட்டுகளோ தெரியும். சாதாரணக் கண்ணாடி என்றால், தொட்டியைக் காலி செய்து, டைமண்ட் ஹோல் சா (வட்டத் துளையிடும் வைரத்தூள் பூசிய முனை) கொண்டு, நீர் ஊற்றிக்கொண்டே, அழுத்தாமல் மெதுவாகத் துளையிட வேண்டும். துளைக்கும் கண்ணாடியின் ஓரத்துக்கும் இடையில் குறைந்தது துளையின் விட்டமளவு இடைவெளி இருக்கட்டும். துளையில் குழாயைப் பொருத்தும் டேங்க் நிப்பிளை முதலில் வாங்கி, அதன் மரையை அளந்த பிறகே ஹோல் சாவின் அளவைத் தீர்மானியுங்கள்.

கேள்வி கேட்டவர்

பின்பக்கக் கண்ணாடியில் பட்டைகள் எவையும் தெரியவில்லை, துளையிட்டுவிடுகிறேன். ஒரே குழாய் போதுமா? படுக்கையறைக்குப் பக்கத்தில் தொட்டி இருப்பதால் சத்தமும் கூடாது.

பதில் 2 (சி.வி. ராமன் நகர்)

இரண்டு குழாய்கள் வையுங்கள். முதலாவதன் வாய் எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். அதன் கீழ்ப்பகுதியில் ஒரு கேட் வால்வை (திருகித் திருகி மூடும் வால்வை) பொருத்திச் சிறிது சிறிதாக மூடிக்கொண்டே வந்தால், காற்று கலக்காமல் நீர் இறங்கி, கடகடவென்ற ஓசை அடங்கும். கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினாலே மூடிவிடும் பால் வால்வில் அவ்வளவு நுட்பமாகச் சரிசெய்ய இயலாது. இரண்டாவது குழாய் சற்று உயரத்தில், வால்வு எதுவுமின்றித் திறந்தே இருக்கட்டும். முதல் குழாயை இலையோ பாசியோ அடைத்தால் நீர் இரண்டாவதன் வழியாக இறங்கும், அப்போது எழும் சத்தமே உங்களுக்கு எச்சரிக்கை.